மூன்று விரல் திருநீறு

எஃகைச் சூடாக்கி இறுக்கிக் கொடுக்கும் எங்கள் சிலிபின் பட்டறையில் ஆயுத பூசையன்று போர்க்லிப்ட்டுக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். நாலு புத்தகம் படித்தவன் என்ற தோரணையில் நான் ஓரமாக நின்று சிரிப்பேன். போன வருடமும் சிரித்தேன். எல்லாரும் சுண்டல் தின்னப் போனதும், மேசைமேல் கிடந்த எஃகுத் தண்டுக்கு ஈரத் திருநீற்றால் மூன்று விரல் பட்டை இழுத்துவிட்டேன்.

பயம்தான். அது சித்தியவான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் தண்டு. மாற்று கிடையாது, ஆலை நின்றிருந்தது, மறுநாளே வேண்டும். ஐம்பது வயதில் இந்த வேலைக்கு வந்த நான் முதன்முதலாகத் தனியாகச் சூட்டுக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்ததும் அதற்குத்தான்.

இயந்திரத்தில் ஏற்றுமுன் தண்டைத் துடைப்பது என் பொறுப்பு. காலையில் திருநீற்றைத் துடைக்க மனசு வரவில்லை. பட்டையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, என்னைவிட மூத்தவரான, இயந்திரம் ஓட்டும் அக்காவிடம் கொடுத்தேன். மின்சாரம் ஓடும் செப்புச் சுருள் தொடாமலே எஃகு செக்கச் சிவந்தது. பின்னாலேயே தண்ணீர் பீச்சியது.

சரியாக இறுகிய எஃகில் அரம் வழுக்கும். அக்கா உரசிப் பார்த்தார். வழுக்கியது, வழுக்கியது, கடித்தது.

“என்ன தம்பி, மூணு கோட்டுல மட்டும் அரம் கடிக்குது?”

“தண்ணிக் குழாய் அடைச்சிருக்கும்க்கா. அழுத்தம் கொறஞ்சா...”

“கையக் கொண்டா.”

என் மூன்று விரல்களைப் பிடித்து அந்தக் கோடுகள்மேல் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின.

“பயத்துலக்கா.”

“சாமி கும்புடு, வேணாங்கல. தண்ணி பட வேண்டிய எடத்துல சாம்பல அப்புனா எப்படிலா இறுகும்? இப்ப மெதுவா சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி போடணும். வெடிச்சா ஹபிஸ், தண்டே போச்சு. ஆலைக்காரனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு.”

சொன்னேன். மறுமுனையில் மனிதர் திட்டவில்லை, ஆலை நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு நட்டம் என்று கணக்குச் சொன்னார். அது இன்னும் மோசம்.

ஆறிய தண்டைப் பிசுக்கு எடுக்கும் தின்னர் விட்டு நாலு தடவை துடைத்தேன். மறுபடி சிவந்தது, மறுபடி தண்ணீர். வெடித்தால் ‘டிக்’கென்று கேட்கும். சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா அரத்தை என்னிடம் நீட்டினார். மூன்று இடத்திலும் வழுக்கியது.

நிமிர்ந்தபோது அக்கா சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். காற்றில்தான், தண்டில் விரல் படவில்லை.