சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க்

உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கேமராக்காரி அதை எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புக் கருவியில் வைத்திருந்தாள். கல்யாண வீடியோ எடுப்பது அவள் தொழில். அவளுடைய அக்காவுக்குத் தகரம் அழுத்தும் ஆலையில் வேலை. உற்பத்தி குறைகிறதென்று மேலாளர் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னதை அக்கா போனில் பதிவு செய்தாள். போனைப் பிடுங்கி அழித்துவிடுவார்கள் என்று பயந்து பதிவைத் தங்கையிடம் ஒப்படைத்தாள். அடுத்த வாரமே அந்த இயந்திரத்தில் அக்காவின் இரண்டு விரல்கள் போயின. ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் கையைக் கழுவியது ஆலை.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. விசாரணை நெருங்கியபோது தங்கை எஸ்.எஸ்.டி.யைக் கணினியில் சொருகினாள். கணினி கண்டுகொள்ளவே இல்லை.

"எல்லாம் விதிம்மா, விட்டுடு" என்றார் அக்கா கணவர்.

"விதி இல்ல மாமா, வாட்டர் ஹீட்டர்!"

உண்மைதான். எஸ்.எஸ்.டி.யில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுபோல் சுழலும் தட்டு இல்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அது தகவலை மின்னூட்டமாகத்தான் பிடித்துவைக்கிறது. எத்தனையோ கல்யாணங்களை எழுதி அழித்துத் தேய்ந்துபோன ஒன்றை, மின்சாரமே காட்டாமல் ஹீட்டருக்கு மேலிருந்த அலமாரியில் போட்டுவைத்தால் அந்த மின்னூட்டம் கசியாமல் என்ன செய்யும்? ‘இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது’ என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

"இதுக்கு மாத்துறதுக்கு முன்னாடி அந்தப் பதிவை வச்சிருந்த பழைய ஹார்ட் டிஸ்க் எங்க மாமா?"

"அதுவா? பொக்கை வாய்க் கிழவன் மாதிரி டக்கு டக்குன்னு மென்னுக்கிட்டே இருக்குமே! டூல் பெட்டியில கிடக்கு."

"மென்னா உசிரு இருக்குன்னு அர்த்தம். எடுத்துட்டு வாங்க."

"அதுல என் கல்யாண வீடியோவும் இருக்கே?"

"உங்க மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம்."

வேறெதையும் தொடாமல் அந்த ஒரு கோப்பை மட்டும் நகலெடுக்கத் தொடங்கினாள். டிஸ்க் முனகியது, நின்றது, மறுபடி ஓடியது. விரலிழந்த கையை மேசையில் ஊன்றி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பு வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் டிஸ்க் ஒரேயடியாக ஓய்ந்தது. மாமாவின் கல்யாணமும் அதோடு போயிற்று.

தங்கை அழவும் இல்லை, ஆடவும் இல்லை. அன்றே புது எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, புது ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வக்கீல் அலுவலகத்தில் ஒன்று என்று வைத்தாள். மூன்றையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் தூங்கப் போனாள்.

விசாரணையில் மேலாளரின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது: "கழட்டிப் போடு, ஒண்ணும் ஆகாது."

எஸ்.எஸ்.டி. பொதுவாகக் குறைவாகவே பழுதாகிறது. ஆனால் போகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொள்வதில்லை. ஹார்ட் டிஸ்க் சில சமயம் புலம்பிவிட்டுப் போகிறது. இரண்டில் எதையும் தனியாக நம்பாதீர்கள். வலியவன் தன் பக்கத்து ஆதாரத்தை நாலு இடத்தில் வைத்திருப்பான். நீங்களும் இன்றைக்கே இன்னொரு நகல் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். வைப்பதற்கு முன் திறந்து பாருங்கள்.