தீட்டு இல்லை என்று நான் சொன்ன வீடு

கரு கலைந்து வரும் பெண்ணைக் காலையில் சேர்த்து, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்து, மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அறுபதுகளில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த கட்டில்கள் அவ்வளவுதான். மறுநாள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் டியூட்டி. காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எவ்வளவு, மாத்திரை உள்ளே போகிறதா என்று கார்டில் எழுத வேண்டும். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. வாய்க்கு மட்டும் அறுபது.

தாராவி இசக்கியம்மாளுக்கு இரண்டாவது கருவும் மூன்றாம் மாதத்தில் கலைந்து, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தோம். நான் போனபோது, அந்த ஒற்றை அறை வீட்டின் மூலையில் தனிப் பாயில், தனித் தட்டோடு படுத்திருந்தாள். மாமியார் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சிஸ்டரம்மா. தீட்டுக்காரி மூலையில கெடக்கா. நேத்துலேருந்து அடுப்புக்கும் கொழாயடிக்கும் நான் ஒருத்திதான் அலையுதேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்த திமிர், வேறென்ன. "இது தீட்டே இல்லம்மா, சிகிச்சை. அவளைத் தள்ளி வைக்கக் கூடாது. எல்லாரையும் போல நடமாடட்டும். கனமான வேலை மட்டும் ரெண்டு வாரத்துக்கு வேண்டாம்" என்று பிரசங்கம் செய்தேன்.

இசக்கி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "சிஸ்டர், நீங்க சும்மா இருங்க."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். கையை விலக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் பேசினேன்.

"அப்போ அவ தொட்டா தோசமில்லையே?" என்றார் மாமியார்.

"ஒரு தோஷமும் இல்ல."

'குடும்பத்துக்கு அறிவுரை கூறப்பட்டது' என்று கார்டில் எழுதிவிட்டு, பெருமையாக மாட்டுங்காவில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் அவளைப் பாயோடு தூக்கி வந்தார்கள். பாய் முழுக்க ரத்தம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதான தொடலாம்னு சொன்னிய? கனமா ஒண்ணும் செய்யச் சொல்லலியே. தண்ணிதான எடுத்தா!"

அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தில் குடத்தை யாரும் கனம் என்று நினைப்பதில்லை. நான் வந்து போன மறுநாளிலிருந்து இசக்கி தினமும் எட்டுக் குடம் சுமந்திருக்கிறாள். உயிர் பிழைக்கக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வீட்டில் அவளுக்குப் படுக்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மூலை. கேவலமான இடம்தான். அதையும் நான் பிடுங்கினேன், பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு எத்தனையோ வீடு ஏறி இறங்கி ரிட்டயரும் ஆகிவிட்டேன், மனசு ஆறவில்லை. இப்போது வீடு வீடாகப் போகும் பெண்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வழக்கத்தை ஒழிக்கும் முன், நாளைக்குத் தண்ணீர் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். நோயாளி உங்களைச் சும்மா இருக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

வார்டில் இசக்கி கண் விழித்ததும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை.

"நீங்க நல்லதுதான் நெனச்சிய சிஸ்டர்" என்றாள். "இனும எனக்குத் தீட்டே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. மாசம் மூணு நாள் படுத்துக் கெடப்பேன். இனும அதுவும் கெடையாது."