பாட்டுக்கு நடுவில் ஓர் இருமல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்து சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். என் கணவர் கோவளத்தில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு துபாய்க்குப் போனவர். கோவளத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அதில் ஒரு பைத்தியம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கவலைப்படுவதுதான் என்று கேலி செய்வார்.

அப்போதெல்லாம் கல்ஃபிலிருந்து பேசிப் பதிந்த காசெட் வரும். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு அதே காசெட்டில் மாமியாரும் கொழுந்தன்களும் பதில் பேசி, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். அவர் குரலின் மேலேயே எங்கள் குரல் ஏறிவிடும். வீட்டில் எதுவும் தங்காது. அவர் பேசி அனுப்புவதிலும் என் பங்குக்கு, "அவ சுகமா இருக்காளாம்மா?" என்ற ஒரு வரி. அதையும் அம்மாவிடம்தான் கேட்பார்.

ஒரு தடவை வேறு மாதிரி ஒரு காசெட் வந்தது. அவருக்குப் பிடித்த ஒரு வெளிநாட்டு கிட்டார் கோஷ்டியின் புது ஆல்பம். அறையில் கூட இருந்த கோவாக்காரர் அந்த ரிக்கார்டை வாங்கியிருக்கிறார். அது ஓடும்போது ஸ்பீக்கர் முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து இவர் பதிந்திருக்கிறார். தான் வந்து கேட்பதற்காக வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்.

மாமியார் ஒரு பாட்டு கேட்டார். "எட்டி, அந்தக் கம்பிக் கதறல நிப்பாட்டு. ரம்பம் வச்சு அறுக்கது மாதிரி இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். அப்படித்தான் அந்தக் காசெட் எனக்கு மட்டும் ஆனது.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக அழுகிற ஒரு இடத்தில், யாரோ மெதுவாக "ஹா" என்றது கேட்டது. அவர்தான். மறுபக்கத்தில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால் இருமுகிறார். "கதவச் சாத்தும் ஓய்" என்று கூட இருக்கிற யாரையோ அதட்டுகிறார். யாரும் கேட்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாத குரல். நான் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். அது வறட்டு இருமலா, நெஞ்சுச் சளியா? அங்கே தூசி அதிகமோ? குளிரூட்டிய அறையில் படுக்கிறாரோ? மாமியார் பக்கத்தில் இருக்க, பதில் காசெட்டில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

அப்படிப் போட்டுப் போட்டு ஒரு நாள் டேப் மிஷினுக்குள் சிக்கிக்கொண்டது. பதறிப்போய் சாலைக் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் நடு வயது, கழுத்தில் மஃப்ளர். வாங்கிப் பார்த்துவிட்டு, "பேடிக்காண்டாம் சேச்சி, பயப்படாதீங்க, சாயந்தரம் வாங்க" என்றார். சாயந்தரம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டுப் பாருங்க சேச்சி" என்று போட்டுவிட்டார். கிட்டாரே கடைக்குள் வந்து நிற்பதுபோல் அவ்வளவு தெளிவு. நான் அந்த இடத்துக்குக் காத்திருந்தேன். கிட்டார் தனியாக அழுதது. "ஹா" வரவில்லை.

"இதுல ஒரு சத்தம் இருக்குமே?"

"அதெல்லாம் போச்சு. இதோட ஒறிஜினல் எல்.பி. ரிக்கார்டு நம்ம கடைக்கு வந்துட்டு சேச்சி. உங்க ரெக்கார்டிங் பாவம், ஒரே இரைச்சல். அதான் டேப்பச் சரியாக்கி, இதுலயே அதுக்கு மேல புதுசா ஏத்தினேன். ஒரு பக்கம் முடிஞ்சு. மத்தது இனி ஏத்தணும்."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழக் கூடாது என்றுதான் நினைத்தேன். "அது எங்க வீட்டுக்காரரு. துபாய்ல இருக்காரு" என்றேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. காசெட்டைத் திருப்பிப் போட்டார். பாட்டு முடிந்தது. இருமல் வந்தது. "கதவச் சாத்தும் ஓய்" வந்தது. அவர் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு கேட்டு உள்ளே வந்த இரண்டு பேரைக் கையை ஆட்டி வெளியே நிற்கச் சொன்னார். அந்தப் பக்கம் முடியும் வரை நாங்கள் இருவரும் கேட்டோம்.

பிறகு ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து, காசெட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பல்லையும் உடைத்தார். "இனி இதுல ஆரும் ஒண்ணும் ஏத்த முடியாது சேச்சி. நான் நினைச்சாலும் நடக்காது." கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "தூசி இருமல்தான், கேட்டா தெரியுது. என் அனியனும் அங்கதான், கூடப்பிறந்த தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

என் கணவர் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். முதல் பக்கத்தைத்தான் விரும்பிக் கேட்பார், மறுபக்கத்தைப் போட்டால், "இந்த இரைச்சல எதுக்கு வச்சிருக்க?" என்பார். இப்போது அவர் அடுத்த அறையில் இருமினால் வெந்நீர் வைக்க எழுந்து போகிறேன். ஆனாலும் எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு என்னைக் கவலைப்பட வைத்த அந்த ஓர் இருமலுக்காக, எப்போதாவது மத்தியானத்தில் மறுபக்கத்தைப் போட்டு, பாட்டு முடியட்டும் என்று இன்னும் காத்திருக்கிறேன்.