காந்திமதிநாதன் குடித்த ஒரு மடக்கு

மேலகரத்தில் காந்திமதிநாதனைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணமோ சடங்கோ சாவுத் துட்டியோ, பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் அவனுடைய வாடகைக் கடையிலிருந்துதான் போகும். சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டியையும் அவனே கொண்டுபோய் வைப்பான். நான் தென்காசியில் மருந்துக்கடை வைத்திருப்பவன், அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவனிடம் எனக்கு ஆகாத குணம் ஒன்று உண்டு. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராது, தலையை ஆட்டிவிடுவான். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே அண்டாவை இரண்டு வீட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் என் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எதிரே நிற்பவர் முகம் சுண்டிப்போவதை அவனால் பார்க்க முடியாதாம். தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவன் மனைவி லோகநாயகி செங்கோட்டைக்காரி. அவள் அப்பா பரமேஸ்வரன் பேர்போன குடிகாரர். விடிந்ததும் அவர் வாந்தியெடுத்த சட்டையை அலசிப் போட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அம்மா அந்த மனுஷனோடு மல்லுக்கட்டியே செத்துப்போனாள். பெண் பார்க்க நானும் போயிருந்தேன். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெரியவர்கள் எல்லாரும் இருக்கும்போதே அவள் மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டாள்.

"குடிப்பியளா?"

"இல்ல."

"இனியும் குடிக்கக் கூடாது. ஒரு மடக்கு குடிச்சாலும் அன்னைக்கே நான் போயிருவேன். சம்மதம்னா சொல்லுங்க."

அவன் தலையாட்டினான். அவன் வாழ்க்கையில் உருப்படியாக ஆட்டிய தலை அது ஒன்றுதான். இத்தனை வருஷமும் அந்த வாக்கைக் காப்பாற்றினான். அவளும் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கிழவர் இப்போது ஈரல் கெட்டு, வயிறு உப்பி, வாரத்துக்கொரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். என்றைக்கு வேண்டுமானாலும் சேதி வரும் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. கடையிலிருந்து அவன் வந்ததும், வாசல் நடையில் நின்று "நல்லதா கெட்டதா?" என்று கேட்பாள். நல்ல காரியத்துக்குப் போய் வந்திருந்தால் நேரே உள்ளே வரலாம். கெட்டதென்றால் பக்கத்து முடுக்குச் சந்து வழியாகப் புறவாசலுக்குப் போய், குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள். ஊதுபத்தி, மாலை, சுடுகாட்டுப் புகை எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவனைக் கெடுக்கத்தான் இந்த ஆனி மாதச் சாரலில் கௌரிசங்கர் வந்து சேர்ந்தான். அவனும் எங்கள் வகுப்புத்தான். ஸ்காட்லாந்தில் ஏதோ எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை. குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகிற வழியில் ஒரு காட்டேஜ் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும் கூப்பிட்டான். சாப்பாடு என்றுதான் சொன்னான். காந்திமதிநாதன் வீட்டில் 'செங்கோட்டைப் பக்கம் ஒரு சோலி' என்று சொல்லிவிட்டு என் பைக்கில் ஏறினான். குற்றாலம் என்றால் யாரோடு, எதற்கு என்று அவள் கேட்பாளாம்.

காட்டேஜில் சாப்பாட்டைக் காணோம். மேசையில் நாலு பாட்டில்களும், வயிறு பருத்து வாய் ஒடுங்கிய சின்னச் சின்னக் கிளாஸ்களும் இருந்தன. எல்லாம் பீட்டட் சிங்கிள் மால்ட் விஸ்கி என்றான் கௌரிசங்கர். அந்த ஊரில் சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் மண்ணை வெட்டி, காயவைத்து, எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். புகையிலிருக்கும் பீனால், அதாவது பினாயிலில் இருக்கிற அதே சரக்கு, பார்லியில் ஏறுமாம். எந்தப் பாட்டிலுக்கு எத்தனை பிபிஎம் பீனால் என்று ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒப்பித்தான். எண் ஏற ஏற ஒசத்தியாம். நான் எப்போதாவது பிராந்தி குடிக்கிறவன்தான், யோக்கியன் வேஷம் போடவில்லை. ஆனால் கக்கூஸ் கழுவுகிற சாமானைக் குடித்துப் பெருமைப்படும் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"குடிக்காதலே, மொதல்ல நோஸ் பண்ணு. என்ன வருது, சொல்லு."

முதல் கிளாஸில் தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பு நாறியது. அது பரவாயில்லை. இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனதும் என் கடைக்குள்ளேயே போய் நின்றதுபோல் இருந்தது. டிங்சர், கட்டுத்துணி, புண் கழுவுகிற மருந்து. அதையெல்லாம் நாளெல்லாம் மோந்து அலுத்துப்போய்த்தானே மனுஷன் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிறான். மூன்றாவது, கருவாடு சுட்ட கையைக் கழுவாமல் விட்ட மாதிரி இருந்தது. நாலாவதை ஒரு வாய் குடித்தேன். தார் போடுகிற இடத்தில் வாயைப் பிளந்து நின்றதுபோல் தொண்டை வரைக்கும் கரி பிடித்தது. ஜன்னல் வழியாகத் துப்பினேன்.

கௌரிசங்கர் கண்ணை மூடி, வாய்க்குள் அதைப் புரட்டிப் புரட்டி மென்றான். "கடல் காத்து தெரியுதா? சீவீட், கடல் பாசி, இருக்கு. பின்னால லேசா ஒரு ஆஸ்பத்திரி வாசனை. பியூட்டிஃபுல்" என்றான். கன்னம் இரண்டும் உப்பி உப்பி அடங்குவதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

காந்திமதிநாதன் எனக்கு இது ஆகாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரி பேரைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். அவன் என்ன செய்தான்? "எனக்கு மோந்து பாத்தாலே போதும்லே" என்றான். உடனே கௌரிசங்கர் அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று அவன் உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்து மோக்கச் சொன்னான். இவனும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் தேய்த்தான். தேய்த்த கையை வேட்டியில் துடைத்தான். எது நல்லாயிருக்கு என்று கேட்டபோது, எல்லாம் நல்லாயிருக்கு என்றான்.

"அப்படிச் சொல்லக் கூடாது. கம்பேர் பண்ணணும். ரெண்டாவதா, நாலாவதா? குடிச்சாத்தான் தெரியும். எனக்காக ஒரே ஒரு சிப்."

"வேண்டாம், அவன விடுலே" என்று நான் சொன்னேன். கௌரிசங்கரின் முகம் சுண்டியது. அது போதாதா நம்ம ஆளுக்கு. கிளாஸை வாங்கி மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டான். பாதி உள்ளே போனது. மீதி மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் சட்டையில் கொட்டியது. இருமி இருமி கண்ணில் தண்ணீர் வழிய நின்றவன், "ரெண்டாவதுதான்" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. இருவரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டோம். கோட்டுக்குள் அந்த நாற்றம் நன்றாகப் புழுங்கியது. பின்னால் உட்கார்ந்து அவன் வழியெல்லாம் ஒரே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். "சொல்லிருவேன்லே. வீட்டுக்குப் போனதும் சொல்லிருவேன். ஒளிக்க மாட்டேன். சொன்னா போயிருவாளோ?" போனாலும் தப்பில்லை என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். லோகநாயகி நடையில் நின்றாள். அவன் மழைக்கோட்டைக் கழற்றியதும் வாடை குப்பென்று கிளம்பியது. அப்பாவின் சட்டையை அலசி வளர்ந்தவளுக்குக் குடித்துவிட்டு வருகிறவனின் வாடை நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் புளிச்ச நாற்றம் இதில் துளிகூட இல்லை. அவள் மூக்குக்குப் புகை மட்டும்தான் எட்டியது.

"கெட்டதா?" என்றாள். இன்னொரு தரம் மோந்தாள். "மருந்து வாடையும் அடிக்குதே."

அவன் கண் சிவந்து, முகம் வெளிறி, வாயைத் திறக்க மாட்டாமல் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செங்கோட்டைச் சோலி என்று சொல்லிவிட்டுப் போனது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எங்க அப்பாவா?"

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டியளா? நான் வர மாட்டேன்னு எங்கிட்ட சொல்லலியா?"

அந்தப் பாவி தலையை ஆட்டினான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒருத்தியின் அப்பனை, உயிரோடு இருக்கிறவரை, ஒரு மடக்குச் சாராயத்துக்காக இவன் சாகடித்துவிட்டான். அவள் புறவாசலுக்குப் போனாள். குழாயடியில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அதைத் தொட்ட கையும் நாறியது. "மனுஷனாலே நீ? இப்பவே போயி சொல்லு."

"வாயில வரலலே. அவளே கேட்டா, ஆட்டிட்டேன்."

"நாளைக்கு அவ செங்கோட்டைக்குப் போயி நின்னா கிழவர் கதவத் திறப்பாருலே. அப்ப என்ன செய்வ?"

அவள் ஈரப் புடவையோடு வந்து நடையில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தில் அழுத தடம் இல்லை. "வாயில பாலு ஊத்துனது யாரு?" என்று கேட்டாள். "கடைசியில யாராவது பக்கத்துல இருந்தாவளா? என்னக் கேட்டாரா?"

காந்திமதிநாதன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். "லோகு, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு. நான் குடிச்சேன். இது சாராய வாடைதான். கௌரிசங்கர் கொண்டுவந்த சீமைச் சாராயம். குற்றாலத்துல வச்சுக் குடிச்சேன்."

அவள் எழுந்து வந்தாள். குனிந்து அவன் சட்டையை மோந்தாள், பிறகு கையைப் பிடித்து உள்ளங்கையை மோந்தாள். அருவருப்பில் அவள் மூக்கு சுருங்கியது. "இதையா குடிச்சிய?" என்றாள்.

"ஒரு மடக்குத்தான். நீ போணும்னா போ. உன்னத் தடுக்க எனக்கு மொகம் இல்ல. எங்க போணும்னு சொல்லு, நானே கொண்டுவந்து விடுதேன்."

இப்போதாவது கத்துவாள், அடிப்பாள், பெட்டியை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். செய்தால் நியாயம் என்றே இருந்தது. அவள் திரும்பி என்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, மெய்யாவே அப்பா இருக்காரா?"

"இருக்காரும்மா. நேத்து சாயங்காலம்தான் என் கடையிலேருந்து அவருக்கு மாத்திரை வாங்கிட்டுப் போனாங்க."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. காந்திமதிநாதன் எழுந்து போய் அவள் தோளைத் தொடப் பார்த்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"குடிச்சதச் சொல்லிட்டிய. அத நான் எப்படியும் பொறுத்துக்கிடுவேன். எங்கயும் போவல" என்றாள். "ஆனா நீங்க தலைய ஆட்டுனதும் எனக்கு அழுகை வரல. அங்கன போயி தண்ணி ஊத்தும்போது, அப்பாடா, ஒழிஞ்சாருன்னு இருந்துச்சு. மனசு அவ்வளவு லேசாயிட்டு. பெத்த அப்பன் செத்தா சந்தோஷப்படுத ஜென்மம்னு என்னைய எனக்கே இத்தன நாளும் தெரியாது. நீங்க தெரிய வச்சிட்டிய. இனி அவரு நெசமா சாவும்போது நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அழுவேன்?"