கிளியின் வாயில் ஒரு தோட்டா

மலிவு வைத்தியம் தேடி அரிசோனாவிலிருந்து லாஸ் அல்கோடோனெஸ் எல்லைக் கதவைத் தாண்டி வருகிற வெள்ளைக்காரக் கிழவர்களைப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதுதான் எவரிஸ்தோவின் பிழைப்பு. ஓயாத வாய், அதனால் ஊரே அவனைக் கிளி என்றது. போகிற வழியெல்லாம் இலவச அறிவுரை வேறு. "குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டுல வெக்காதீங்க. முக்கியமா, கோட்டுப் பையைத் தடவிப் பாருங்க. ஒத்தத் தோட்டா இருந்தாலும் உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, ஆமா!" அந்தப் பக்கம் அரிசோனாவில் தோட்டா என்றால் கடலை மாதிரி; பையில் கிடப்பதையே மறந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் அது ஜெயில்.

வாடிக்கைக் கிழவர் வெர்னனிடம் மட்டும் அவன் இதையெல்லாம் சொல்வதில்லை. பல வருஷப் பழக்கம், அவருக்குப் போய் என்னத்தைச் சொல்வது என்ற அலட்சியம். அதுதான் அன்றைக்கு வினையாக வந்தது.

கண்ணாடியைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்ட கிழவர், சின்னப் பித்தளைத் தோட்டா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். "அட, முயல் வேட்டைக்குப் போனப்ப போட்டது. இங்கயேவா கிடந்துச்சு!"

எவரிஸ்தோ சட்டென்று அந்த உள்ளங்கையை மூடினான். எதிரே, வருகிறவர்களை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்த சிப்பாய் இவர்கள் பக்கம் திரும்பிவிட்டான். கீழே போட்டால் கணீரென்று கேட்கும். தன் பைக்குள் போட்டால் அதையும் துழாவுவான். கிழவர் சர்க்கரை வியாதிக்காரர், ஜெயிலில் எப்படித் தாங்குவார்? கை குலுக்குவதுபோல் தோட்டாவை வாங்கி, மீசையைத் துடைப்பதுபோல் வாய்க்குள் தள்ளினான்.

சிப்பாய் கிழவரைத் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. எவரிஸ்தோவையும் தடவினான். பிறகு அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னடா கிளி, இன்னிக்கு வாயே திறக்கல?"

"ம்ம்..." எவரிஸ்தோ கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"பல்வலியா? உனக்கா?" சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊர்ல இருக்கறவனையெல்லாம் பல்லு புடுங்க இழுத்துட்டுப் போறவனுக்கே பல்வலி! நட, நானும் வரேன். நீ கத்தறதப் பாக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், எச்சில் ஊற ஊற எவரிஸ்தோ நடந்தான். பின்னால் வெர்னன், முகம் வெளிறி வந்தார்.

டாக்டர் நோயெமி அவனை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னாள். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அவள் கை அப்படியே நின்றது. வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு டாக்டரம்மா?"

"ரொம்ப மோசம்," என்றாள். முதுகால் சிப்பாயின் பார்வையை மறைத்துக்கொண்டு, பஞ்சோடு சேர்த்துத் தோட்டாவை எடுத்துத் தன் வெள்ளைக் கோட்டுக்குள் போட்டாள்.

"அப்ப புடுங்கணுமா?"

சிப்பாய் நகர்கிற மாதிரி இல்லை. நோயெமி எவரிஸ்தோவின் கண்ணைப் பார்த்தாள். ஒரு சொத்தைகூட இல்லாத பல்வரிசை, தொழிலுக்கே அதுதான் விளம்பரம். ஆனாலும் அவன் மெல்லத் தலையசைத்தான்.

"புடுங்கணும்," என்றாள் அவள், ஊசியை எடுத்தபடி.

இப்போதெல்லாம் அவன் அறிவுரை தண்ணீரில் தொடங்குவதில்லை. பழகினவரோ புதியவரோ, வாயைத் திறந்து முதலில் பல் போன அந்த ஓட்டையைக் காட்டுகிறான். வெர்னனுக்கு மட்டும் அதுவும் தேவையில்லை. தூரத்தில் அவனைக் கண்டதுமே, நடுரோட்டில் நின்று, எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக் காட்டுகிறார்.