எரியாத கட்சிக்காரி

காலை பத்து மணி வெயிலுக்கே சூடேறிவிடும் தகரத்துக்கு ஒரு வாசனை உண்டு. துருவும் வியர்வையும், காயாமலே கொடியில் தொங்கும் துணியின் முடையும் கலந்த வாசனை. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயருக்கு வெளியே எங்களுக்குக் கட்டிக்கொடுத்த தகர வீடுகளில் அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு வளர்ந்தேன். வங்காளிகள், தெலுங்குக்காரர்கள், நாங்கள் எல்லோரும் அதை 'ஷெல்டர்' என்றே சொன்னோம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டு வீட்டுக்காரர்கள் தும்முவோம்.

நான் நாவல் எழுதுகிறவள். பதிப்பகங்கள் எதுவும் சீண்டாததால் நானே சென்னையில் அச்சடித்து, கப்பலில் வரும் அட்டைப்பெட்டிகளை ஹேடோ துறையில் நானே போய் இறக்கிக்கொள்கிறவள். என் கதைகளில் பேய் துப்பறியும், செத்தவன் காதலிப்பான், எமன் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த பக்கத்திலேயே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான். "இதை எந்த அலமாரியில வைக்கிறது மேடம், பேய்க்கதையா, சாமிக்கதையா?" என்று கடைக்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள். இந்த இருட்டெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கும்போது, சின்ன வயதில் நிறையப் படிப்பேன் என்று சொல்லி மழுப்பிவிடுவேன். அது உண்மையில்லை. படிக்க எங்கள் வீட்டில் பஞ்சாங்கம்கூடக் கிடையாது. எனக்கு எழுத வந்தது இரண்டு விஷயங்களால்: ஒன்று காமன் கூத்து, மற்றொன்று என் பதினோராவது வயதில் நான் அம்மாவிடம் சொன்ன ஒரு பொய்.

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் 'பால் வெட்டு' எங்கள் பிழைப்பு. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இந்தத் தீவில் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள் நாங்கள். சட்டி பானையோடு எங்கள் பெரியவர்கள் தூக்கிக்கொண்டு வந்த ஒரே சொத்து காமன் கூத்து. மாசி மாதம் வளர்பிறையில் கம்பம் ஊன்றி வைக்கோல் சுற்றுவார்கள், அதுதான் காமன். அன்றிலிருந்து பௌர்ணமி வரை காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும், ஊடல் நடக்கும், குறவனும் குறத்தியும் வந்து கூத்தடிப்பார்கள், கறுப்புச் சாயம் பூசிய எமன் குழந்தைகளைத் துரத்துவான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல் காமன் போவான். பௌர்ணமியன்று கம்பத்தை எரிப்பார்கள். ரதி மண்ணில் புரண்டு அழுவாள். மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். ஆனால் எழுந்து வந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயங்கரமான காதல்கதை உலகத்தில் இல்லை.

என் அப்பாதான் ரதி. பெண்கள் வேஷம் கட்டக்கூடாது என்பதால் ஆண்தான் ரதியாவது வழக்கம். அம்மா கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, நான் பிறந்து, எனக்குப் பின் ஒன்று பிறந்து இறந்துபோனதற்குப் பிறகு, நானாவது தங்கவேண்டும் என்று ஏழு வருடம் ரதி கட்டுவதாக அப்பா நேர்ந்துகொண்டார். விடிகாலையில் மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டே பாடிப் பழகுவார். சாயங்காலம் அம்மா சமைக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து மறுபடியும் பாடுவார். "ஒப்பாரிய நிறுத்துங்க, கொழம்புல உப்பு போட்டேனா இல்லையான்னே மறந்து போச்சு" என்று அம்மா திட்டுவாள். மை தீட்டி, ரோஸ் பவுடர் பூசி, அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் வந்து நிற்கும்போது எனக்கு அப்பாவைவிட அந்தப் பெண்ணைத்தான் அதிகம் பிடிக்கும். ஆறு வருடம் கட்டினார்.

டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கப் படகு அணையும் ஜெட்டிப் பக்கம் போனார். நானும் அம்மாவும் மேட்டிலிருந்த 'லய'த்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தோம். நிலம் ஆடியது, பிறகு கடல் வந்தது. கடல் திரும்பிப் போனபோது ஜெட்டியும் இல்லை, கடைகளும் இல்லை, அப்பாவும் இல்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை. என் நாவல்களில்கூடக் கடல் வந்ததே கிடையாது, கவனித்தவர்களுக்குத் தெரியும்.

எங்களைக் கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேயர் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். அம்மா சாப்பிடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வாயருகே கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுவாள். பக்கத்தில் படுத்திருந்த ஸ்டெல்லா அத்தை தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். அவரும் புருஷனைப் பறிகொடுத்தவர். "ஏட்டி, ஒங்கம்மைய எப்படியாச்சும் திங்க வையி, இல்லன்னா நீ அநாதையா நிப்ப" என்று என் காதில் சொன்னார். நான் பயந்துபோனேன். அன்று மத்தியானமே அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "அம்மா, ஒரு பெங்காலி அண்ணன் சொன்னாரு. காயம் பட்டவங்கள மெயின்லேண்டு ஜஹாஸ்ல ஏத்துனாங்களாம். அதுல அப்பா இருந்தாராம்."

அம்மா என்னையே பார்த்தாள். "எப்படித் தெரியும் அவருதான்னு?" என்று கேட்டாள். பச்சை லுங்கி என்றேன். தலையில் கட்டுப் போட்டிருந்தது என்றேன். அப்பா பெயரைச் சொல்லி யாரும் தேடி வரவில்லையே என்று அவள் யோசிப்பதற்குள், அடிபட்டதில் பேர் மறந்துபோய்விட்டதாம் என்று நானே முந்திக்கொண்டேன். கப்பலில் ஏற்றும்போது தண்ணீர் கேட்டாராம் என்றும் சேர்த்தேன். அம்மா தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

பொய்யை நம்பவைப்பது அதிலுள்ள சின்னச் சின்னத் தகவல்கள்தான் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், இன்றைக்கும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா வாரம் ஒருமுறை அதை மறுபடி சொல்லச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கேட்பாள், நானும் புதிதாக ஒன்றைக் கொடுப்பேன். பிறகு ஷெல்டருக்கு வந்தோம். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று நிவாரண ஆபீசில் சொன்னபோது, "அவருக்குத்தான் பேரே மறந்து போச்சே" என்று அம்மா பெருமையோடு பதில் சொன்னாள். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று எழுதித் தரும் காகிதத்தில் மற்றவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டும் அவள் போடவில்லை. தாலியைக் கழற்றவில்லை. சென்னைக் கப்பல் வரும் நாளெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஹேடோவுக்குப் போய், கடைசி ஆள் இறங்கும்வரை வாசல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மாசியில் யாருக்கும் காமன் ஞாபகம் வரவில்லை. இரண்டாவது மாசியில், அம்மா அண்ணன் என்று கூப்பிடும் மாரிமுத்து மாமாதான் ஆரம்பித்தார். கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர் அவர். ஷெல்டருக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் கம்பம் ஊன்றினார்கள். தகர வீடுகளுக்குப் பக்கத்தில் நெருப்பு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே எரித்து அணைத்துவிட வேண்டும் என்று அனுமதி. காமனுக்கு ஆள் கிடைத்தது, எமனுக்குக் கிடைத்தது. ரதிக்கு ஒரு பையனை மாமா சொன்னபோது அம்மா எழுந்து நின்றாள்.

"அவரு ஏழு வருசம் நேந்திருக்காருண்ணே. இது ஏழாவது. பௌர்ணமி அன்னைக்குத்தான் ஜஹாஸ் வருது. வந்துருவாரு. வேற யாரையும் கட்ட வுடாதீங்க."

மாமா அந்தப் பையனை விட்டுவிட்டார். ரதி இல்லாமலே அந்த வருடத்துக் கல்யாணம் நடந்தது. காமன் மட்டும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினான். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அம்மா பெட்டியைத் திறந்து, யாரோ நிவாரணத்தில் கொடுத்திருந்த ஒரு நல்ல சேலையை மடித்து அவருக்காக எடுத்து வைத்தாள்.

பௌர்ணமியன்று காலை கப்பல் வந்தது. வாத்தியார்கள், ஒப்பந்தக்காரர்கள், மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் எல்லாம் இறங்கிப் போனார்கள். பிறகு கப்பல்காரர்களே இறங்கினார்கள். அம்மா கம்பியை விடாமல், "அடுத்த ஜஹாஸ் எப்பன்னு கேட்டுட்டு வா புள்ள" என்றாள். அவள் கையிலிருந்த பையில் அந்தச் சேலை இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"நான் பொய் சொன்னேம்மா" என்றேன். "எந்த அண்ணனும் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்க ஆரம்பித்தாள்.

"பச்ச லுங்கி?"

"பொய்யிம்மா."

"தலக்கட்டு?"

"அதுவும்."

"பேரு மறந்து போச்சுன்னியே?"

"நானாத்தான் சொன்னேன்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு வருடத்துக்கும் மேலாக நான் சேர்த்துவைத்த எல்லாவற்றையும், நான் மறந்துபோனவற்றையும்கூட, வரிசை தப்பாமல் கேட்டாள். ஒவ்வொன்றையும் நானே என் வாயால் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. கடைசியாக, "தண்ணி கேட்டாருன்னியே புள்ள, யாராச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். இதுவரை எழுதிய எந்தப் பக்கத்திலும் என்னால் அந்தத் தண்ணீரைக் கொடுக்க முடிந்ததில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கம்பத்தடிக்குப் போனாள். மாமா தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நான் பாடுறேண்ணே" என்றாள்.

"பொம்பள ரதி கட்டுனா ஆகாது தாயி."

"நான் வேசங் கட்டல. பாட்டு மட்டுந்தான். இங்க வேற யாருக்கு முழுசாத் தெரியும்? ஆறு வருசம் என் அடுப்படியிலதான பாடுனாரு. ஏழாவத அவரு கொறையா வுட்டுட்டுப் போக வேணாம்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கம்பத்தில் தீ வைத்தார்கள். காலையில் ஹேடோவுக்கு உடுத்திக்கொண்டு போன அதே பழைய சேலையில் நின்று அம்மா ரதியின் ஒப்பாரியை முதல் வரியிலிருந்து பாடினாள். குரல் நன்றாக இல்லை, சுருதி சேரவில்லை. ஆனால் அப்பா மூச்சு வாங்குமிடத்திலெல்லாம் அவளும் மூச்சு வாங்கினாள், அவர் ஒரு சொல்லை இழுப்பதுபோலவே இழுத்தாள். அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் கடலில் ஒருவர் இருந்தார். காமன் யார், ரதி யார் என்றே தெரியாத ஸ்டெல்லா அத்தை ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுதுதீர்த்தார். வைக்கோல் சீக்கிரம் எரிந்துவிட்டது.

எரிந்த பிறகு இரண்டு கட்சியாக உட்கார்ந்து பாடுவது வழக்கம். காமன் எரிந்தான் என்று 'எரிந்த கட்சி' பாடும், இல்லை என்று 'எரியாத கட்சி' மறுத்துப் பாடும். கிண்டலும் கேலியுமாகப் போகும், கூத்திலேயே சிரிப்பான பகுதி அதுதான். அன்று மாமா எரியாத கட்சிக்கு ஆள் கூப்பிட்டார். ஒருவரும் போய் உட்காரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக என் பொய்யை வைத்து அந்தக் கட்சிக்குத் தனியாளாகப் பாடிக்கொண்டிருந்த நானும் கூட்டத்தில்தான் நின்றேன், ஆனால் எனக்கும் பாட்டு ஓடவில்லை. மாமா தப்பைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், காமனை எழுப்பும் நாளில், அம்மா தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனாள். காகிதத்தை நீட்டிய கிளார்க் தயங்கி, நிச்சயம்தானா என்று இந்தியில், "பக்கா?" என்று கேட்டார். "பக்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது மாமா சாம்பலில் பால் தெளித்துக் காமனை எழுப்பி முடித்திருந்தார். எழுந்தவனைப் பார்க்க ரதி அங்கே இல்லை. என் பொய்யைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பொய்யை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பேர் மறந்துபோன ஒருவன் தலைக்கட்டோடு ஊர் ஊராகத் தன்னையே துப்புத் துலக்கும் என் முதல் நாவல் அந்த நோட்டுதான்.

இப்போது அந்த ஷெல்டர்களைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் ஜெட்டி இருந்த கரை கடலுக்குள் போய்விட்டது. தோட்டத்து ஆட்கள் சௌல்தாரி, ஹேவ்லாக் என்று ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் பிரிந்துபோனார்கள். மாரிமுத்து மாமா இறந்துபோன பிறகு காமனை ஊன்ற யாருமில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். என் புத்தகங்கள் எதையும் படித்ததில்லை, "எல்லாம் நீ சொன்னதுதான?" என்பாள்.

போன மாசியில் ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பல வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "மூணாம் நாளு காமன் ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான்னு சொல்லுவாங்கல்லம்மா, ஒனக்கு அப்பா எப்பவாச்சும் தெரிஞ்சாரா?"

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியிறாரு. ஆனா மையும் ரோஸ் பவுடருமாத்தான் தெரியிறாரு. வேசங் கலச்ச மொகம் எனக்கு மறந்து போச்சு புள்ள. ஒரு போட்டோகூட மிஞ்சலயே. ஒனக்கு நெனப்பிருக்கா, எப்படி இருப்பாரு?"

எனக்கும் அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவிருக்கிறது. இருந்தாலும் மூக்கு கொஞ்சம் கூராக இருக்கும் என்று ஆரம்பித்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டு, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்றேன். அம்மா துணியை மடியில் வைத்துவிட்டு, "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.