ஜோசியான் அடிச்ச சாவு மணி

இன்னைக்கு காலையில ஜோசியானைப் பாத்தேன்! எங்க வெர்சோல் கிராமத்தைச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு சர்ச்சைத் திறந்து காட்டறது, எந்தப் பாதையில நடக்கலாம்னு சொல்லி அனுப்பறது எல்லாம் இவங்கதான். போன சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாங்க. ஆறப்போடக் கூடாதுன்னு உடனே எழுதறேன்.

அன்னைக்கு மத்தியானம் வெளியூர் தம்பதி ஒண்ணு, சின்னப் பொண்ணோட வந்தாங்க. ஜோசியான் வழக்கம்போல சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கற குறுக்குப் பாதையைக் காட்டி, செஸ்ட்நட் கொட்டை உதிர்ற காட்டுக்கு அனுப்பினாங்க. "எவ்வளவு வேணா பொறுக்கிக்கோ பாப்பா. முள்ளுத் தோலை மட்டும் கையால தொடாத, ஷூவால மிதி."

அப்புறம் கேக்குக்கு மாவு கலக்க உக்காந்தாங்க. மறுநாள் எங்க ஊர் கஸ்தோனோட பேத்திக்கு ஞானஸ்நானம். பாதி கலக்கும்போது காட்டுப்பக்கம் கொம்பு ஊதற சத்தம். கரண்டி நின்னுடுச்சு.

இலையுதிர் காலத்துல எங்க ஆம்பளைங்க ஞாயித்துக்கிழமை காட்டுப்பன்னி வேட்டைக்குப் போவாங்க. அவங்க தலைவரே கஸ்தோன்தான். பேத்தி விசேஷத்துக்காக இந்த வாரம் சனிக்கிழமைக்கு மாத்திட்டாரு. கேக் சொல்ல வந்தப்பவே இதையும் சொல்லியிருந்தாரு, ஜோசியான்தான் மறந்துட்டாங்க. எச்சரிக்கைப் பலகையும் ரோட்டோரம் வச்சிருந்தாங்க. குறுக்குப் பாதையில எந்தப் பலகையும் கிடையாது.

குழந்தை போட்டிருந்தது பழுப்புக் கோட்டு. தூரத்துல பாத்தா காட்டுப்பன்னி நிறம். அது ஞாபகம் வந்ததும் ஜோசியான் கரண்டியைப் போட்டுட்டு எழுந்தாங்க.

கஸ்தோனுக்கு ஃபோன் போட்டா, அவர் மனைவி லிலியான் எடுத்தாங்க. "ஃபோனை மேஜையிலயே விட்டுட்டுப் போயிட்டாரு. என்னடி, குரலே சரியில்ல?"

ஜோசியான் ஃபோனை வச்சுட்டு சர்ச்சுக்கு ஓடினாங்க. சாவு மணி கேட்டா எங்க வேட்டைக்காரங்க நின்ன இடத்துலயே தோட்டாவை உருவிட்டு, தொப்பியைக் கழட்டிடுவாங்க. பன்னியே எதிர்ல வந்து நின்னாலும் சுட மாட்டாங்க. ஆனா யாரும் சாகாம அந்த மணியை அடிச்சா, அது தனக்கு ஒரு ஆளைத் தேடிக்கும்னு ஊர்ல ஒரு பயம். ஜோசியானுக்கும் உண்டு.

கயித்தைப் பிடிக்கவும் காட்டுல 'டப்'னு ஒரு வெடி. கண்ணை மூடிட்டு இழுத்தாங்க. இழுத்துட்டே இருந்தாங்க.

கஸ்தோன் வேட்டைக்காரங்க போடற ஆரஞ்சு சட்டையோட மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "யாரு போனது? எங்கம்மாவா?"

"யாருமில்ல. காட்டுல ஒரு குழந்தை இருக்கு. நான்தான் அனுப்பினேன். யாரு சுட்டது?"

"பாஸ்கால். குறி தப்பிடுச்சு. மறுபடி குறி வைக்கறப்போ மணி அடிச்சிருச்சு."

"எதைப் பாத்து சுட்டான்?"

கஸ்தோன் காட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "பழுப்பா ஏதோ ஓடுச்சுன்னான்."

ரெண்டு பேரும் பாதையில ஓடினாங்க. முதல் திருப்பத்துலயே அந்தக் குடும்பம் இறங்கி வந்துட்டிருந்துச்சு. குழந்தை அப்பா தோள்ல, பாக்கெட் பிதுங்க செஸ்ட்நட்டோட. "ஒரு பெரிய பன்னி ஓடுச்சு தெரியுமா"ன்னுச்சு. அம்மாக்காரி, "மணி யாருக்கு அடிச்சாங்க?"ன்னு கேட்டாங்க.

ஜோசியான் மண்ணுலயே உக்காந்துட்டாங்க. கஸ்தோன்தான் சமாளிச்சாரு. "பன்னிக்கும்மா. இந்த ஊர்ல மணி அடிச்சு பன்னியைக் காப்பாத்தின முதல் ஆள் இவங்கதான்." கிண்டல்தான், ஆனா அவர் சிரிக்கல.

அந்த மணி பயத்துல ஜோசியான் இன்னும் தினம் விடிஞ்சதும் ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் திறக்குதான்னு பாத்துட்டு நிக்கறாங்க. எல்லாம் திறந்தாதான் காப்பி இறங்குதாம்.

எங்க ஊருக்கு அவசியம் வாங்க. ஆனா காட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி, சர்ச் பக்கத்து நீலக் கதவைத் தட்டி, இன்னைக்கு வேட்டை உண்டான்னு ஜோசியானைக் கேளுங்க. இந்தப் பக்கம் நடக்க வர்ற யாரைத் தெரிஞ்சாலும் தயவுசெஞ்சு இதை அனுப்பி வைங்க.